கணினிப் பாடம்: அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்கள்

மாணவர்களுக்கும், பக்கத்தில் இருந்து படிப்பிக்கும் பெற்றோருக்கும்:

"இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்கிறோம். கூட்டு என்ற வினை கடைசியில் வருகிறது. சார்ள்ஸ் மூர் ஆக்கிய ஃபோர்த் என்னும் கணினி மொழியும் இப்படியே 2 3 + என்று எழுதும். ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு இது அந்நியமன்று. (நான்காம் தலைமுறை என்ற கருத்தில் வைத்த பெயர் அது. அவருடைய ஐபிஎம் 1130 கணினி ஐந்தெழுத்துப் பெயரையே ஏற்றதால் ஓர் எழுத்துக் குறைந்தது.)

எண்கள் ஓர் அடுக்கில் வைக்கப்படும். அன்னதானத் தட்டுகளைப் போல, கடைசியாக வைத்ததே முதலில் எடுபடும். கட்டளைகளுக்குச் 'சொல்' என்று பெயர். கைநூலில் ஒவ்வொரு சொல்லின் அருகிலும் ஒரு குறிப்பு இருக்கும். கழித்தலுக்கு அது:

( என்1 என்2 -- என்3 )

கோடுகளுக்கு இடப்பக்கம் இருப்பவை சொல் எடுத்துக்கொள்பவை. வலப்பக்கம் அது விட்டுச்செல்பவை. ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் உள்ளதே மேல்தட்டு. என்1 என்பதை மேல்தட்டு என்று எண்ணுவது புதியவர் எல்லாரும் விடும் பிழை. 7 2 - என்றால் விடை 5. இந்நாட்டுப் படிவத்தில் 'நோம்' எது, 'ப்ரெநோம்' எது என்று தடுமாறி, தகப்பன் பெயரால் அழைக்கப்பட்ட மொன்றியல்வாசிகளுக்கு இது எளிதில் விளங்கும்.

எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. 'என்' குறியுள்ள எண். 'யூ' குறியற்ற எண். 'எக்ஸ்' எதுவாகவும் இருக்கலாம். 'அட்ர்' நினைவக முகவரி. 16 பிட் கணினியில் −1, 65535 இரண்டும் உள்ளே ஒரே வடிவம்தான். புள்ளி என்ற சொல் அதை −1 என அச்சிடும். 'யூ' சேர்ந்த புள்ளி 65535 என அச்சிடும். எது சரி என்பது அடுக்குக்குத் தெரியாது.

ஆச்சரியக்குறி, மதிப்பை நினைவகத்தில் சேமிக்கும் சொல்: ( எக்ஸ் ஏ-அட்ர் -- ). இரண்டையும் மாற்றி வைத்தால் வேறெங்கோ எழுதிவிடும். பெரும்பாலும் எச்சரிக்கை வராது. ஏனெனில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கணினி படிப்பதே இல்லை, தாண்டிப் போய்விடும். அது மனிதருக்கு மட்டும் எழுதியது. நீங்கள் ஒரு சொல்லை ஆக்கும்போது முகவரிக்கு 'என்' என்று எழுதினால், பின்னர் வாசிக்கும் தம்பி அதை நம்பி ஏமாறுவான்.

இவ்வெழுத்துகளை 1994ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரம் வரையறுத்தது. பழைய கைநூல்களில் சிறு வேறுபாடுகள் உண்டு. முன்பக்க அட்டவணையை முதலில் பாருங்கள்.

பயிற்சி: 'சுவாப்' என்ற சொல்லின் குறிப்பு ( எக்ஸ்1 எக்ஸ்2 -- எக்ஸ்2 எக்ஸ்1 ). அப்படியானால் 9 4 சுவாப் - என்பதன் விடை என்ன? 5 என்று வந்தால், தட்டுகளை மறுபடி அடுக்கிப் பாருங்கள்.