அடுத்த மூன்று மாதக் கரண்ட் பில்லை இன்றே கணிப்பது எப்படி?

2022 ஜூலையில் நான் ஒரு பிழை விட்டேன். உறைய வைத்த கோழி இறைச்சியை ஆறு மாதத்துக்கு ஒரே விலையில் தருவதாக ஒரு ஹோட்டலுக்கு வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதமே மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. குளிர் அறையின் பில் இலாபம் முழுவதையும் விழுங்கியது. வாக்குக் கொடுத்தாயிற்று, ஆறு மாதமும் நட்டத்திலேயே கொடுத்து முடித்தேன்.

அதன் பிறகு, விலை பேசுமுன் மூன்று விடயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது மழை. காசல்ரீ, மவுஸ்ஸாகலை, கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிறைந்திருந்தால் மலிவான மின்சாரம் கிடைக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான வரட்சியில் நீர் குறைந்தால், அந்த இடைவெளியை நிலக்கரியும் எண்ணெயும்தான் நிரப்ப வேண்டும்.

இரண்டாவது எரிபொருள். நுரைச்சோலையில் தலா 300 மெகாவோற் கொண்ட மூன்று இயந்திரங்கள் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் அங்கு நிலக்கரி இறக்க முடியாது. முன்கூட்டியே சேமிக்க வேண்டும். அதில் தட்டுப்பாடு வந்தால் விலை கூடிய டீசலும் உலை எண்ணெயும் எரிக்க நேரிடும்.

மூன்றாவது டொலர். 2022 ஜனவரியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. ஜூன் கடைசியில் 460 ரூபா. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் அந்தளவுக்கு உயரவில்லை. ரூபாவின் வீழ்ச்சியும், அதுவரை நட்டத்துக்கு விற்றதும் சேர்ந்தே அந்த விலையை உண்டாக்கின.

இனி உங்கள் கணக்குக்கு வாருங்கள். 100 ரூபாச் செலவில் மின்சாரம் 12 ரூபா, இலாபம் 5 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 20 சதவீதம் கூடினால் 2 ரூபா 40 சதம் போகும். இலாபத்தில் ஏறக்குறையப் பாதி அது!

கட்டணம் குறையும்போதும் அவதானம் தேவை. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது. ஜூனில் 15 சதவீதம் கூடியது. குறைந்த பில்லை நிரந்தரம் என்று நம்பி விலையை இறக்கியவர்கள் மீண்டும் ஏற்ற முடியாமல் தடுமாறினார்கள்.

எனவே விலை வாக்குறுதியை மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், "மின்கட்டணம் மாறினால் விலையும் மாறும்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். அன்று நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.