மூஸ் கேக்கா? பச்சை முட்டை வேண்டாம்!

பிறந்த நாள் என்றால் பாயசம் வைத்த காலம் போய், கேக் இல்லாவிட்டால் குழந்தையின் முகம் வாடிப்போகிற காலம் இது. எங்கள் ஆரணியில் நெசவாளர் வீடுகளிலும் இதே கதைதான். சாக்லெட்டும் வெனிலாவும் பளிங்குக்கல் போல வரிவரியாக ஓடும் மூஸ் கேக்கைப் பார்த்தால் பெரியவர்களுக்கே நாக்கில் நீர் ஊறும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதில் வேகாத முட்டை சேரக் கூடாது.

ஏன் தெரியுமா? மூஸ் என்றால் பிரெஞ்சில் நுரை. பழைய முறையில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்ப்பார்கள். அடியிலுள்ள கேக் வேகும். மேலேயுள்ள மூஸ் ஃபிரிட்ஜில் உறையுமே தவிர வேகாது. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருந்தால் குளிரில் அது சாகாது. 71 டிகிரி செல்சியஸ் சூடு பட வேண்டும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்ததும் இந்தக் கிருமிப் பயத்தால்தான். கெட்ட உணவு உயிரையே வாங்கும் என்பதை ஆரணி அறியும். 2021 செப்டம்பரில் இங்கே ஓர் உணவகத்தில் அசைவம் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒரு சிறுமி இறந்தே போனாள்.

அடிக் கேக்: வெண்ணெய், சர்க்கரை தலா 100 கிராம் குழைத்து, 2 முட்டை அடித்துச் சேர்த்து, 100 கிராம் மைதா, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து, 180 டிகிரியில் சுமார் 25 நிமிடம் வேகவிடுங்கள். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. நன்றாக ஆறவிடுங்கள்.

வெள்ளை மூஸ்: 100 மில்லி பாலில் 1 மேஜைக்கரண்டி சோளமாவு, 2 மேஜைக்கரண்டி சர்க்கரை கரைத்து, கெட்டியாகக் காய்ச்சி ஆறவிட்டு, கட்டியில்லாமல் அடியுங்கள். 1 டீஸ்பூன் வெனிலா எசென்ஸும், நுரைக்க அடித்த 150 மில்லி விப்பிங் கிரீமும் சேருங்கள்.

சாக்லெட் மூஸ்: 50 மில்லி சூடான பாலில் 100 கிராம் சாக்லெட்டை உருக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், அதேபோல் அடித்த 150 மில்லி கிரீம் சேருங்கள்.

கேக்கின் மேல் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றி, கத்தி நுனியால் மூன்று நான்கு இழுப்பு மட்டும் இழுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நின்றால்தானே பட்டில் இரட்டை நிறம் மின்னும்? ரொம்பக் கலக்கினால் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும்! பிறகு 6 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வெளியே எடுத்தால் உடனே பரிமாறுங்கள். மிச்சத்தை உடனே உள்ளே வையுங்கள். மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். இனிப்பும் குளிர்ச்சியும் கபத்தைக் கூட்டும், பசித்தீயைக் குறைக்கும் என்பது சித்த மருத்துவக் கருத்து. ஆகவே இரவில் வேண்டாம். பகலில் ஒரு சின்னத் துண்டு போதும். வயிறு மந்தமானால் சுக்கும் சீரகமும் போட்டுக் கொதித்த வெந்நீர் குடியுங்கள்.

வாந்தி, பேதி வந்தால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சல் அடித்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை சிறுநீர் கழிக்காமல் துவண்டாலோ கஷாயம் தேடி என்னைப் போன்ற வைத்தியரிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.