ஆஸ்பத்திரி மேஜையும் அன்னாளின் பதிலும்



இந்த மாதப் பாடம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. வியாதியஸ்தரைச் சந்தித்து ஜெபிக்க நாம் அடிக்கடி போகிற இடம்தான். ஆனால் கட்டிலண்டை போகுமுன்னே ஒரு மேஜையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. "அங்க போய் உட்காருங்க", "டோக்கன் முடிஞ்சுபோச்சு", "எத்தனை தடவை சொல்றது?" இந்த வார்த்தைகளைக் கேட்காத குடும்பம் நம் சபையில் உண்டா? அந்த மேஜையில் ஒரு விசுவாசி எப்படி நடந்துகொள்ள வேண்டும்? முதலில் இரண்டு சம்பவங்களைச் சொல்லுகிறேன். இரண்டிலும் என் தவறு உண்டு.

என் பதினைந்து நிமிடம்

2014-ஆம் வருஷம். இரவு ஒன்பது மணி இருக்கும். என் தாயாருக்கு நெஞ்சு வலி. வியர்த்துக் கொட்டுகிறது, இடது கை வலிக்கிறது என்கிறார்கள். ஆட்டோவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மேஜையில் இருந்த பெண் தலை நிமிரவேயில்லை. "பழைய ஃபைல் இருக்கா? இல்லைன்னா ரிஜிஸ்டர் பண்ணி பணம் கட்டிட்டு வாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்கள்லாம் மனுஷங்களா? உங்க மேனேஜரைக் கூப்பிடு!" என்று சத்தம் போட்டேன். அவளும் பதிலுக்குப் பேசினாள். வாட்ச்மேன் வந்தார். கூட்டம் கூடியது. என் தாயாரோ பின்னால் ஒரு பெஞ்சில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயாம்மாதான், "தம்பி, சண்டையை அப்புறம் வச்சுக்க. அம்மாவை உள்ள கொண்டு போகணும்" என்று வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் கேஷுவாலிட்டிக்குத் தனி வாசலே இருந்தது. நான் அதைத் தேடவேயில்லை!

நெஞ்சுவலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டே போகும். நான் சண்டையில் செலவழித்தது பதினைந்து நிமிடம். கர்த்தருடைய கிருபையால் தாயார் பிழைத்தார்கள். ஆனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வந்தவுடனே உள்ள கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் செய்தது தவறுதான். ஆனாலும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் பெரும்பங்கு என்னுடையது.

மறுநாள் காலை பணம் கட்டப் போனேன். அதே பெண் அங்கேயே இருந்தாள். மாற்ற ஆள் வரவில்லையாம். "நேத்து நான் பேசினது தப்பும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பில்லை மட்டும் நீட்டினாள்.

சகோதரியின் பன்னிரண்டு நாள்

நம் ஐக்கியத்தில் ஒரு சகோதரி. வீட்டு வேலை செய்கிறவர்கள், சர்க்கரை வியாதி உண்டு. காலில் ஒரு புண். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பழைய சீட்டு கையில் இல்லை. "சீட்டைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறியா? போ, போய் எடுத்துட்டு வா" என்று எல்லார் முன்பாகவும் கத்தியிருக்கிறார்கள். சகோதரி தலைகுனிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து என்னிடம் சொன்னபோது, "கர்த்தர் பார்த்துக்குவார் பாஸ்டர்" என்றார்கள். நானும் ஆமென் சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். "மறுபடி எப்ப போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கும், புண் ஆழமானாலும் வலி தெரியாது. பன்னிரண்டு நாள் கழித்து விரல் கறுத்துப்போனது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பிரியமானவர்களே, கவனியுங்கள். நான் கத்தினதில் பதினைந்து நிமிடம் போயிற்று. சகோதரி பேசாமல் திரும்பினதில் பன்னிரண்டு நாள் போயிற்று. இரண்டிலும் நஷ்டம் வியாதியஸ்தருக்கே. கோபமும் வழியல்ல, ஒதுங்கிப்போவதும் சாந்தமல்ல. மூன்றாவது வழி ஒன்று உண்டு.

1. அன்னாளைப் பாருங்கள்: சாந்தமாய், ஆனால் விவரமாய்

முதலாம் சாமுவேல் முதலாம் அதிகாரம் நமக்குத் தெரிந்ததே. ஏலி ஆலயத்தின் வாசலண்டை உட்கார்ந்திருக்கிறார். அன்னாளின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. விசாரிக்காமலே அவளைக் குடிகாரி என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். மனம் நொந்து வந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட அவமானம்!

அன்னாள் என்ன செய்தாள்? திருப்பித் திட்டவில்லை. அழுதுகொண்டு ஓடிப்போகவும் இல்லை. மரியாதையாய் அவரை அழைத்து, "நீங்கள் நினைப்பது அல்ல" என்று மறுத்து, தன் நிலை இன்னது என்று எடுத்துச் சொன்னாள். கடிந்துகொண்ட அதே ஏலி அவளைச் சமாதானத்தோடே ஆசீர்வதித்து அனுப்பினார். விவரம் போய்ச் சேர்ந்தவுடனே மனுஷன் மாறினார்.

மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு நம் உள்ளே நடப்பது தெரியாது. "டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால், நூற்றில் ஒருவராகவே நம்மைப் பார்ப்பார். "அம்மாவுக்கு அரைமணி நேரமா நெஞ்சு வலி, வியர்க்குது" என்பதே முதல் வார்த்தையாய் இருக்கட்டும்.

2. பவுலைப் பாருங்கள்: உரிமையைக் கேள்வியாய்க் கேட்டார்

அப்போஸ்தலர் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் பவுலை வாரினால் அடிக்கக் கட்டுகிறார்கள். பவுல் கூச்சலிடவில்லை. தீர்ப்பில்லாமல் ஒரு ரோமனை அடிக்கலாமா என்று நூற்றுக்கு அதிபதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், அடிக்க வந்தவர்கள் விலகினார்கள். தன் உரிமை இன்னதென்று அவர் அறிந்திருந்தார்.

நாமும் அறிந்திருக்க வேண்டாமா? உயிருக்கு ஆபத்தான நிலையில் வருகிறவருக்கு, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், முறைகளைக் காரணம் காட்டித் தாமதிக்காமல் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் நோயாளிகளின் உரிமைகள் சாசனத்தில் 17 உரிமைகளை எழுதி வைத்தது. அவசர சிகிச்சை, மரியாதையாய் நடத்தப்படுதல், குறையைச் சொல்லிப் பரிகாரம் தேடுதல் எல்லாம் அதில் உண்டு. ஆகவே நாம் பிச்சை கேட்கப் போகவில்லை.

3. மேஜையண்டை செய்ய வேண்டியவை

* ஆபத்தான நிலை என்றால் மேஜைக்கே போகாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாய் கோணி ஒரு பக்கம் செயலிழத்தல், நிற்காத ரத்தம், வலிப்பு, இவற்றுக்கு நேராகக் கேஷுவாலிட்டி. சீட்டு போடுவதைக் கூட வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். 108-ல் வந்தால் அவர்களே அங்கு கொண்டு சேர்ப்பார்கள்.

* பெயர், வயது, என்ன வியாதி, எத்தனை நாள், என்ன மாத்திரை, இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பழைய சீட்டு, காப்பீட்டு அட்டை, ஆதார் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களோடு சபையிலிருந்து ஒரு வாலிபன் போகட்டும்.

* எரிந்து விழுந்தால் குரலை இன்னும் தாழ்த்துங்கள். "மேடம், உங்களுக்கு வேலை அதிகம்னு தெரியுது. எங்களுக்கு வழி மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

* முடியாது என்றால், "அப்ப நான் யாரைப் பார்க்கணும்?" என்பதே அடுத்த கேள்வி. அரசு ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ. இருப்பார். தனியாரில் மேனேஜர் இருப்பார். பக்கத்தில் போகிற நர்ஸ் சிஸ்டரிடமும் கேட்கலாம். பதில் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

* கை நீட்டுவது, மேஜையைத் தட்டுவது கூடவே கூடாது. ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்குவது தமிழ்நாட்டில் 2008-ஆம் வருஷச் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது நமக்குத் தகாது.

* வியாதியஸ்தரைக் கவனித்த பிறகு, குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, இவ்வளவு போதும். அரசு ஆஸ்பத்திரியானால் 104-க்குப் பேசலாம், முதல்வரின் 1100-லும் சொல்லலாம். பழிவாங்க அல்ல, அடுத்து வருகிற ஏழைக்காக.

4. நம்முடைய மேஜை

நம் சபையிலும் அப்படிப்பட்ட மேஜைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குறைந்த சம்பளம், நீண்ட நேரம், எல்லாருடைய கோபமும் அவர்கள் மேலேதான் விழுகிறது. பிள்ளைகளே, வருகிறவர் முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். அந்த இரவில் தலை நிமிர்ந்திருந்தால், என் தாயாரின் வியர்வை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். நான் வாயை அடக்கியிருந்தால், அந்த வியர்வையைப் பற்றி அவளிடம் சொல்லியிருப்பேன்.

அந்தச் சகோதரி இப்போது மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஒரு பையில் சீட்டுகள், கூட ஒரு வாலிப சகோதரன். போன மாதம் மேஜையில் ஒருவர் மறுபடியும் கத்தினாராம். "ஐயா, எனக்கு ஏற்கெனவே ரெண்டு விரல் போயிடுச்சு. இன்னைக்கு டாக்டரைப் பார்க்காம போக மாட்டேன்" என்று மெதுவாய்ச் சொன்னார்களாம். சீட்டு கிடைத்தது.

வீட்டுக் கூட்டத்தில் பேசிக்கொள்ள

1. நான் கத்துகிறவனா, ஒதுங்கிப் போகிறவனா? அதனால் என் வீட்டில் யாருக்கு நஷ்டம் வந்தது?
2. என் தெருவில் தனியாய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் யார்? இந்த வாரம் நான் கூடப் போவேனா?

கர்த்தர் நம் நாவுக்குச் சாந்தத்தையும், கால்களுக்கு உறுதியையும் தருவாராக. ஆமென்.