பண்ணைக் குட்டையில் கூட்டுமீன் வளர்ப்பு

முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சுகளை ஆறுகளில் பிடித்துத்தான் வளர்க்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஒடிசாவில் ஊக்குநீர் ஊசி மூலம் கெண்டைகளை இனப்பெருக்கம் செய்ய வைத்தனர். நம் நாட்டு மீன் வளர்ப்புத் தொழில் பெருக அதுவே வழி திறந்தது. உங்கள் குட்டையும் அத்தொழிலில் பங்கு பெறலாம்.

ஆண்டு முழுவதும் 5 அடி நீர் நிற்கும் 25 சென்ட் குட்டை போதும். முதலில் விரால், கெளுத்தி மீன்களை அகற்றி, 20 கிலோ சுண்ணாம்பு இடுங்கள். ஒரு வாரம் கழித்து 200 கிலோ சாணம் கரைத்து விடுங்கள். நீர் பசுமையானதும் விரல் நீளக் குஞ்சுகள் 600 விடலாம்: கட்லா 240, ரோகு 180, மிர்கால் 180. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் இரைக்குப் போட்டியில்லை. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து தினமும் கொடுங்கள்.

விடியற்காலையில் குட்டையைப் பார்க்கத் தவறாதீர்கள். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். உடனே புது நீர் பாய்ச்சுங்கள்; சாணத்தையும் தீவனத்தையும் நிறுத்துங்கள். அசட்டையாக இருந்தால் ஓராண்டு உழைப்பு ஒரே காலையில் போய்விடும். மருந்தடித்த வயல்நீரையும் குட்டைக்குள் விடாதீர்கள்.

சில மாதங்களே நீர் நிற்கும் குட்டையா? கவலை வேண்டாம். சிறு குஞ்சுகளை வாங்கி, 2 அல்லது 3 மாதங்களில் விரல் நீளத்துக்கு வளர்த்து அண்டை உழவர்களுக்கு விற்கலாம். குஞ்சு வளர்ப்பு, வலை வீச்சு, விற்பனை என ஊரில் பலருக்கு வேலை கிடைக்கும். வீட்டுக் குழம்பிலும் மீன் இருக்கும்.