மார்கழியில் ஊர் திரும்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு

வேலூர், சென்னைப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் செமஸ்டர் தேர்வை முடித்துக்கொண்டு டிசம்பரிலேயே வரத் தொடங்குவார்கள். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறவர்களுக்குச் சங்கராந்தியை ஒட்டித்தான் நீண்ட விடுமுறை. எப்போது வந்தாலும் சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரம் சுற்று வட்டாரத்தில் அது வேலை நெருக்கும் காலம். கரும்பு வெட்டு நடக்கும், வெல்லம் காய்ச்சுவார்கள், நெல் அறுப்புக்கு வரும், மா மரம் பூவெடுக்கும். வீட்டில் எல்லாரும் விடியலுக்கு முன்பே எழுந்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை வந்திருக்கிறானே, பெண் வந்திருக்கிறாளே என்று உங்களை ஒரு வேலையும் சொல்லாமல் விடுவார்கள். அதை நம்பி விருந்தாளியாக இருந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் உங்களால் மட்டும் ஆகக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. அவற்றையும், உங்கள் உடம்பை நீங்கள் காத்துக்கொள்ளும் வழியையும் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

பயணம்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். பொங்கல் வாரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. இன்னும் எடுக்காதவர்கள் பகல் ரயிலையோ பேருந்தையோ பாருங்கள். இரண்டு நாட்களை மனதில் வையுங்கள். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படித்திருவிழா. மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து பாடிக்கொண்டே ஏறும் பஜனைக் குழுக்களால் ஊரே நிறைந்திருக்கும். அன்று மாலைக்கு மேல் திருத்தணியில் இறங்கி அடுத்த பேருந்துக்குத் தவிக்க வேண்டாம். 30-ஆம் தேதிக்குள் வந்துவிடுங்கள், இல்லையென்றால் ஜனவரி 2-க்குப் பிறகு கிளம்புங்கள். இரண்டாவது நாள், வைகுண்ட ஏகாதசி. அன்று தொடங்கி பத்து நாள் திருமலையில் வைகுண்ட துவார தரிசனம் நடக்கும். திருப்பதி பேருந்து நிலையமும் ரேணிகுண்டாவும் நெரிசலில் திணறும். ஆயாவைத் தரிசனத்துக்கு அழைத்துப் போகலாமே என்று சிலருக்குத் தோன்றும். கையில் டோக்கனோ டிக்கெட்டோ இல்லாமல் அழைத்துப் போகவே போகாதீர்கள். 2025 ஜனவரி 8 இரவு இலவச டோக்கன் வாங்கத் திரண்ட கூட்டத்தில் சிக்கித் திருப்பதியில் ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 முதல் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத்துக்குள் ஓடும் வண்டிகளுக்கு மட்டும்தான் இது. ஆந்திர முகவரி உள்ள ஆதாரைக் கையில் வைத்திருங்கள். எல்லை தாண்டிப் போகும் பேருந்தில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். வேலூரில் படிப்பதற்காக ஆதார் முகவரியை விடுதிக்கு மாற்றிக்கொண்ட பெண்களுக்கு இந்தச் சலுகை கைநழுவிப்போகலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு நாள்

தூங்குங்கள். தேர்வுக்காகக் கெட்ட தூக்கம் ஒரே நாளில் சரியாகாது. அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், கவலைப்பட மாட்டார்கள்.

அரியர் விழுந்திருந்தால், பணம் கட்ட வேண்டியிருந்தால், படிப்பே பிடிக்கவில்லை என்றாலும் சரி, பண்டிகைக்கு உறவினர் கூடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமா, சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது "எத்தனை பேப்பர் நிக்குது?" என்ற கேள்வி வந்தால் அப்பாவுக்கு அது தெரியாத சேதியாக இருக்கக்கூடாது. அவர் தனியாக இருக்கும் நேரம் பாருங்கள். மோட்டார் போட்டுவிட்டுக் கழனி வரப்பில் நிற்கும் நேரம் நல்ல நேரம். வாய்விட்டுச் சொல்ல யாருமே இல்லை என்று தோன்றுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஆலைக் கொட்டாயில்

சித்தூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் ரேணிகுண்டா பக்கத்துக் காஜுலமண்டியம் ஆலையும் மூடிக்கிடப்பதால், நம் பக்கத்தில் கரும்பு போட்ட பலருக்கு வெல்லம்தான் கதி. ஆள் கிடைக்காத காலத்தில் விடுமுறைக்கு வந்த பிள்ளை வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டாய்க்கு வந்தால் பெரிய உதவி. ஆனால் பழக்கம் விட்டுப்போன கை என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

மார்கழிக் குளிருக்கு எல்லாரும் எதையாவது போர்த்திக்கொண்டு நிற்பார்கள். அங்கேதான் ஆபத்து. கழுத்தில் சுற்றிய துண்டு, துப்பட்டா, குல்லாய் வைத்த சட்டையின் கயிறு, தொங்கும் இயர்போன் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கரும்பு பிழியும் உருளைக்குப் பக்கத்தில் போக வேண்டும். நீள முடியைக் கொண்டையாகக் கட்டுங்கள். கரும்பைக் கொடுக்கும்போது கடைசி ஒரு முழம்தான் கையைக் கேட்கும். அதைக் கையால் தள்ளாதீர்கள், அடுத்த கரும்பின் முனையால் தள்ளுங்கள். சக்கை சிக்கினால் ஓடும் உருளையில் விரலை விட்டு இழுக்காதீர்கள், மோட்டாரை நிறுத்திவிட்டு எடுங்கள். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் நிற்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கரும்பு கொடுக்க உட்காராதீர்கள். அந்த நேரத்துக்குச் சக்கை அள்ளிக் காயப் போடுவது, அடுப்புக்குத் தள்ளுவது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கொப்பரைப் பக்கமும் அப்படித்தான். சாறு கொதித்து அழுக்கு திரளும் வரைக்கும் அவ்வளவு பயமில்லை. பாகு இறுகி, பெரியவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறாரே, அந்தக் கட்டத்தில் கொப்பரை பொங்கித் தெறிக்கும். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும், பாகு தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். பட்ட இடத்தில் உடனே குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். வீடியோ எடுக்கிறவர்கள் பதம் இறக்கிய பிறகு எடுங்கள்.

காய்ச்சல் வந்தால்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்கிறவர்கள் இதைப் படியுங்கள்.

மழை ஓய்ந்து புல்லும் புதரும் மண்டிக் குளிர் தொடங்கும் மாதங்களில் நம் மாவட்டத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தலைகாட்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கடித்த இடம் வலிக்காது, அரிக்கவும் செய்யாது. சில நாளில் அங்கே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். இடுப்பில் பாவாடை நாடா, பெல்ட் இறுகும் இடம், அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் தேடுவதில்லை. எல்லாருக்கும் அது தெரிவதும் இல்லை.

கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. ஊரில் இதை வைரஸ் காய்ச்சல் என்பார்கள், ஒரு ஊசியும் குளுக்கோஸும் போடுவார்கள், ஐந்து நாள் போய்விடும். அந்த ஐந்து நாள்தான் உயிருக்கு ஆபத்து. நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை இது போகும். சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் வகை மருந்துக்கு இது அசையாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மருந்தை மருத்துவர் சொல்லி நேரத்தோடு தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். முற்றிய நிலையில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. மூன்றாவது நாளும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சித்தூருக்கோ போய், "கழனியில் வேலை செய்தேன், புதரில் நடந்தேன்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பொருக்கு இருந்தால் காட்டுங்கள். மூச்சு வாங்கினால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.

தடுக்கும் வழி எளிது. கொல்லைக்குப் போகும்போது முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை. புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். துவைத்த துணியைச் செடிமேல் போட்டு உலர்த்தாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள்.

மாந்தோப்பும் காகிதங்களும்

மாம்பூ விரியும் நேரத்தில் மூட்டமும் பனியும் சேர்ந்தால் பூங்கொத்தில் வெள்ளை மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். கூடவே தத்துப்பூச்சியும் வரும். பூ முழுவதும் விரிந்துவிட்ட மரத்தில் பூச்சிமருந்து அடித்தால் காய் பிடிக்கவைக்கும் ஈயும் தேனீயும்தான் முதலில் சாகும். அப்பா மருந்து வாங்கக் கிளம்புவதற்கு முன்பு நாலைந்து பூங்கொத்துகளை அருகில் படம் பிடித்து, ரைத்து சேவா கேந்திரத்தில் உள்ளவரிடம் காட்டிக் கேட்டு வாருங்கள்.

2025 கோடையில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று அறிவித்தார்கள். அறிவிப்பு என்னவாக இருந்தாலும் பணம் வந்து விழுவது வங்கிக் கணக்கில். கணக்கு, ஆதார், நிலப் பதிவு, ஈ-கிராப் என்ற பயிர்ப் பதிவு நான்கிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். வருஷத்துக்கு மத்திய அரசின் 6,000 ரூபாயும் சேர்த்து 20,000 ரூபாய் வரும் அன்னதாதா சுகீபவ திட்டத்துக்கும் இதே கதைதான். ஆகவே ஒரு மத்தியானம் உட்கார்ந்து வீட்டுக் காகிதங்களை எல்லாம் ஒன்றாகப் பரப்புங்கள்.

நம்மைப் போன்ற எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நாம் ஆந்திரப் பக்கமே நின்றோம். தமிழ் வழக்கில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். இங்கே பதிவு செய்கிறவர்கள் குடும்பப் பெயரைக் கேட்பார்கள். சொல்லத் தெரியாதபோது ஊர்ப் பெயரையோ தாத்தா பெயரையோ எழுதிவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று. உதவித்தொகை, மாணவர்களுக்கான அபார் எண், கல்விக் கடன், பாஸ்போர்ட் எல்லாம் இந்த ஒரு எழுத்தில் நின்றுவிடும். உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இசைவாகத் திருத்துங்கள். பண்டிகை நாட்களில் கிராம சச்சிவாலயம் மூடியிருக்கும். ஜனவரி முதல் வாரத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். சாதி, வருமானச் சான்றுகளுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய மன மித்ரா வாட்ஸ்அப் சேவையையும் முயன்று பாருங்கள்.

அப்படியே அப்பா, அம்மா போனையும் வாங்கிப் பாருங்கள். தெரியாத செயலிகளை நீக்குங்கள். போலீஸ் என்று சொல்லி வீடியோவில் மிரட்டிப் பணம் கேட்டால் அது மோசடிதான் என்று ஆயாவுக்கும் புரியும்படி சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஆறும் சாலையும்

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வழியாகப் பெருக்கெடுத்துப் போகும், தரைப்பாலங்கள் மூழ்கும். முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்காதீர்கள். விடியலில் பனிமூட்டத்துக்குள் கரும்பு டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் நிற்கும், போகும். ஏழு மணிக்கு முன்பு பைக்கை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தால் ஹெல்மெட்டோடு, மெதுவாக. வீட்டு டிராக்டர் என்றால் டிரெய்லருக்குப் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், செலவு சொற்பம்.

பண்டிகையும் அதற்குப் பிறகும்

போகியன்று டயர், பிளாஸ்டிக் கொளுத்தும் பையன்களை நீங்கள் தடுத்தால் கேட்பார்கள், நீங்கள்தான் அவர்களுக்கு அண்ணன், அக்கா. கனுமாவுக்கு மாடு விடும் ஊர்களில் திண்ணைமேலோ மாடியிலோ நின்று பாருங்கள். ரீல்ஸ் எடுக்கத் தெருவில் இறங்க வேண்டாம்.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் மூன்று வாரம் உடம்பைக் கவனியுங்கள். உண்ணி கடித்ததற்கும் காய்ச்சல் தொடங்குவதற்கும் இடையே ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். இங்கே கடித்தது சென்னையில் காய்ச்சலாக வெளிப்படும். அங்கே இருக்கும் மருத்துவருக்கு நீங்கள் பொங்கலுக்குக் கழனியில் இருந்தது தெரியாது. காய்ச்சல் என்று போனதும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், அறைத் தோழரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.