சந்தையில் வாங்கிய ஆடும் பட்டியின் நோயும்

ஆட்டுக்கொல்லி நோய் ஒரு பட்டிக்குள் நுழைய மிகச் சாதாரணமான வழி, சந்தையில் வாங்கிய ஆடு. எட்டயபுரம், செஞ்சி போன்ற சந்தைகளில் பல ஊர் ஆடுகள் மணிக்கணக்கில் உரசி நிற்கின்றன. கிருமி தொற்றிய ஆடு நான்கைந்து நாள் வரை நல்ல ஆடாகவே தெரியும். மூக்கு ஒழுகத் தொடங்கும் முன்பே பக்கத்து ஆட்டுக்கு நோயைக் கொடுத்தும்விடும். பல்லைப் பார்த்து வயதும் முதுகைத் தடவிச் சதையும் சொல்லத் தெரிந்தவருக்குக்கூட இது பிடிபடாது.

இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987இல், விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில். மாடுகளைக் கொன்ற வெக்கை நோயின் வைரஸுக்கு இதன் வைரஸ் நெருங்கிய உறவு. வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லிக்கு 2030 இலக்கு. பிழைத்த ஆட்டுக்கு எதிர்ப்பாற்றல் ஆயுள் முழுக்க நிற்கிறது. அது கிருமியை உடலில் சுமந்து திரிவதுமில்லை. வெளியே வெயிலில் கிடக்கும் வைரஸும் நெடுநாள் தாங்காது. ஆகவே புது ஆட்டை மூன்று வாரம் தனியே வைத்தால், வரவேண்டிய நோய் அதற்குள் வந்துவிடும்.

இந்த மூன்று வாரத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மூன்றாம் நாள் ஆடு நன்றாக மேய்கிறது என்று மந்தையோடு விட்டுவிடுவார்கள். தனியாக மேய்க்க ஆளில்லை என்பது நியாயமான காரணமே. மேய்ச்சலுக்கு விடாமல், தோட்டத்தின் கடைக்கோடியில் மரத்தடியில் கட்டித் தழை ஒடித்துப் போட்டால் போதும். அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு வேண்டும். பழைய ஆடுகளின் வேலையெல்லாம் முடித்த பிறகே அதனிடம் போகவேண்டும். திரும்பி வந்து கை, கால் கழுவாமல் பட்டிக்குள் நுழையக்கூடாது. காலை வேளையில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 104 டிகிரியைத் தாண்டினால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். கண்ணில் பீளை, வாயில் புண், நாற்றமடிக்கும் கழிச்சல் எல்லாம் அதன் பிறகே வரும்.

குடற்புழு நீக்கத்தையும் இந்தக் காலத்திலேயே முடிப்பது சரி. புது ஆட்டின் வயிற்றில் வருவது மருந்துக்கு அசையாத புழுவாகவும் இருக்கலாம் என்பதால், புழுக்கையைச் சோதித்து மருந்தைத் தேர்வது மேல்.

ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும். ஆனால் அது உயிருள்ள வைரஸால் ஆனது, சூடு ஆகாது. கரைத்த மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். உச்சி வெயிலில் முகாமின் கடைசியில் நிற்கும் ஆடுகளுக்கு வெறும் தண்ணீர்தான் ஏறியிருக்கும் என்ற சந்தேகம் வீணானதல்ல. இரண்டு முகாம்களுக்கு நடுவில் பிறந்த குட்டிகள் விடுபடுவது இன்னொரு ஓட்டை. ஈன்ற தேதியை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் அதை அடைக்கலாம்.

துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கு மட்டும் இந்தத் தனிமைப்படுத்தல் உதவாது. அதன் கிருமி குடலிலேயே இருப்பது. முதல் மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற கொழுத்த குட்டிதான் முதலில் துடித்து விழும். மழைக்கு முன்பே அதற்கான ஊசியைப் போட்டாகவேண்டும்.

ஆட்டுக்கொல்லி வந்தேவிட்டால் வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக், கூடவே வரும் நிமோனியாவுக்கானது. வாய்ப்புண்ணால் தழை தின்ன முடியாத ஆட்டுக்குக் கஞ்சித் தண்ணீரும் உப்புக்கரைசலும் உயிர்காக்கும். செத்ததைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவேண்டும். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அந்த ஆட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது, நோய் மனிதருக்கும் தொற்றும்.

நோய் தெரிந்ததும் மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும் வழக்கம்தான் அடுத்த வாரச் சந்தைக்கு நோயைக் கொண்டுபோகிறது. கடைசி ஆடு தேறி மூன்று வாரம் ஆகும்வரை விற்பனையும் வேண்டாம், புதிதாக வாங்கவும் வேண்டாம். தேறிய பெட்டைகளை வைத்துக்கொள்வதே லாபம். அவற்றின் சீம்பால் குட்டிகளை ஏறக்குறைய மூன்று மாதம் காக்கும். நான்காம் மாதம் அந்தக் குட்டிகளுக்கு ஊசி போடலாம்.