இடுப்பெலும்பு விலகிவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 29. பிரசவம் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. வலது பிட்டத்துக்குச் சற்று மேலே சுருக்கென்று வலிக்கிறது. படுக்கையில் புரண்டாலும் மாடிப்படி ஏறினாலும் அதிகமாகிறது. சுளுக்கு எடுப்பவர் கால்களைச் சேர்த்துப் பார்த்து, 'இடுப்பெலும்பு விலகி, ஒரு கால் கட்டையாகிவிட்டது' என்றார். அவர் தட்டிவிட்டால் இரண்டு நாள் சுகம், பிறகு பழையபடி வலி. எலும்பு திரும்பத் திரும்ப விலகுமா, டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: விலகாது, அம்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நீங்கள் சொல்லும் இடத்தில், முதுகெலும்பின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாக இறுகி உருவான திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேர்கின்றன. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இப்படி இரண்டு மூட்டுகள். முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே இரு இடுப்பெலும்புகளையும் ஒரு குருத்தெலும்பு இணைக்கிறது. இவையெல்லாம் சேர்ந்ததுதான் இடுப்பு வளையம். பின்மூட்டுகளின் பரப்பு வழவழப்பானது அல்ல. மேடும் பள்ளமுமாக ஒன்றையொன்று கவ்வியிருக்கும். அவற்றின்மேல் உடலிலேயே மிக வலுவான தசைநார்களில் சில குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கின்றன.

இந்த மூட்டு அசையவே அசையாதா என்றால், அசையும். 1989-இல் ஸ்வீடனில் ஸ்டூரெசன் குழுவினர் நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, பல நிலைகளில் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். சராசரி சுழற்சி 2.5 டிகிரி, நகர்வு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 1998-இல் டல்பெர்க் குழுவினர் அதே முறையில், மூட்டைத் தட்டிச் சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் 10 பேரைப் படமெடுத்தார்கள். கையால் தொட்டுப் பார்த்த சோதனைகள் 'சரியாகிவிட்டது' என்றன. படத்திலோ எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது! தட்டியதும் உங்களுக்குக் கிடைக்கும் சுகம் பொய்யல்ல. இறுகிய தசை தற்காலிகமாகத் தளர்வதால் இருக்கலாம், அவ்வளவுதான். கால் நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் பெரும்பாலானோருக்கு உண்டு. படுத்திருக்கும் விதத்தாலும் அப்படித் தெரியும்.

அப்படியானால் வலி எதனால்? இடுப்பு வளையம் முழுவதும் இரு தொடையெலும்புகளின் பந்துமுனைகள் மேல் சாய்ந்தும் திரும்பியும்தான் நாம் நடக்கிறோம். இடது காலைத் தூக்கும்போது வளையம் இடப்புறம் சரியாமல் பிடித்து நிறுத்துவது வலது பிட்டத்தின் பக்கத் தசை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் தசைநார்கள் நெகிழ்கின்றன. வயிற்றுத் தசையும் பிட்டத் தசையும் வலுவிழக்கின்றன. தாங்க வேண்டியவை தாங்காதபோது மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் நோகின்றன. நீங்கள் குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துக்கொள்பவர் என்றால் அதுவும் ஒரு காரணம். இடுப்பைப் பக்கவாட்டில் தள்ளி நிற்பதால் பாரம் முழுவதும் ஒரு பக்கமே இறங்குகிறது.

பக்கம் மாற்றித் தூக்குங்கள். புரளும்போது முழங்கால்கள் இரண்டையும் சேர்த்து மடக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பட்டும். சுடிதார் பேன்ட்டை உட்கார்ந்தபடி போடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை மெல்ல உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது ஆகிய பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பொறுமையாக இருங்கள்.

காய்ச்சல், காலில் பலவீனம், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது வராமல் அடைத்துக்கொள்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.